முதல் வகுப்பு மண்

அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. மண்ணுக்காரர் என்றுதான் சொல்வார்கள். மண் ஆய்வு அலுவலகத்தில் வேலை பார்க்கிற அத்தனை பேரும் மண்ணுக்காரர்கள்தானே, இவருக்கு மட்டும் ஏன் அந்தப் பட்டம் என்று கேட்டால் பதில் எளிது. மற்றவர்கள் சாயங்காலம் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவர் மண்ணையும் கூட்டிக்கொண்டு போனார்.

வீடு என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை, அதை ஒட்டிக் குளிப்பதற்கு ஒரு மூலை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் அவர் உட்காருவார், இன்னொன்றில் மண் பைகள் உட்கார்ந்திருக்கும். கட்டிலுக்கு அடியில் தட்டுத் தட்டாக மண் காய்ந்துகொண்டிருக்கும். அவ்வப்போது வெளியூரிலிருந்து அக்கா போனில் கூப்பிடுவாள். "ரூமைப் பெருக்கினியாடா?" என்பாள். "பெருக்கினேன்க்கா" என்பார். எங்கே பெருக்குவது? பெருக்கினால் பாதி வேலை குப்பைக்குப் போய்விடும்.

அந்த அக்கா ஒரு காலத்தில் தம்பிக்கு எப்படியாவது ஒரு கல்யாணத்தைச் செய்து பார்த்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள். நல்ல இடமாக ஒன்று வந்தது. பெண் வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது இவர் எழுந்து பால்கனிக்குப் போய் அங்கிருந்த பூந்தொட்டியில் விரலை விட்டுப் பார்த்தார். திரும்பி வந்து, வருங்கால மாமனாரிடம், "வடிகால் சரியில்லைங்க, இப்படியே விட்டா வேர் அழுகிடும்" என்றார். அவர் சொன்னது செடியைப் பற்றி. ஆனால் அந்தச் சம்பந்தமும் அங்கேயே அழுகிவிட்டது. அதற்குப் பிறகு அக்காவும் கையை விரித்துவிட்டாள். வருஷங்கள் ஓடின, தலை நரைத்தது, இரண்டாவது நாற்காலியில் மண் பைகள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தன.

அவருக்கு அது வலிக்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். வலித்தது. காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது கீழே சைக்கிள் கடையில் யாரோ யாரையோ அதட்டுகிற சத்தத்தைக் கேட்டு, தன்னை அதட்டவும் ஓர் ஆள் இல்லையே என்று கண் கலங்கியிருக்கிறார். ஆனால் அதை வெளியே சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. மண்ணைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார். தன்னைப் பற்றிக் கேட்டால் "இருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அவர் தொழில் குழி தோண்டுவது. ஒரு வயலுக்குப் போனால் ஓர் ஆள் இறங்கி நிற்கிற அளவுக்குக் குழி வெட்டி, உள்ளே இறங்கி, சுவரைக் கத்தியால் சீவிச் சுத்தமாக்கி, மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்ப்பார். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு பிடி எடுத்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பட்டையாகத் தள்ளுவார். பட்டை நீளமாக வந்தால் களி அதிகம். வரவே மாட்டேன் என்று உதிர்ந்தால் மணல். கொஞ்ச தூரம் வந்து தானாக அறுந்து விழுந்தால் மணல், வண்டல், களி மூன்றும் அளவாகக் கலந்த இருமண். விரலுக்குச் சந்தேகம் வந்தால் ஒரு துளியை முன்பல்லில் வைத்துக் கடிப்பார். மணல் நறநறக்கும், வண்டல் மாவாக வழுக்கும், களி பல்லோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு சின்னச் சின்ன வண்ணச் சதுரங்கள் ஒட்டிய நிறப் புத்தகத்தைத் திறந்து, மண் கட்டியை அதன் பக்கத்தில் வைத்து, எந்தச் சதுரத்தோடு சேர்கிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்.

இதையெல்லாம் வைத்து மண்ணை வகைப்படுத்த வேண்டும். முதலில் பெரிய குலம், அதற்குள் கிளை, கிளைக்குள் குடும்பம், கடைசியில் தொடர். ஒவ்வொரு தொடருக்கும் ஓர் ஊரின் பெயர் இருக்கும். அந்த மண்ணை முதன்முதலில் எந்த ஊரில் தோண்டிப் பார்த்தார்களோ அந்த ஊர். மண்ணுக்குக் குலம் உண்டு, குடும்பம் உண்டு, சொந்த ஊரும் உண்டு. தோண்டுகிறவருக்கு இருந்ததெல்லாம் சைக்கிள் கடை மாடி.

ஓய்வுக்குக் கொஞ்ச காலமே பாக்கி இருந்தபோது ஒரு புதிய சட்டம் வந்தது. ஊரைச் சுற்றி வீடுகள் பெருகி வயலை விழுங்கிக்கொண்டிருந்ததால், முதல் வகுப்பு நிலத்தில் கட்டடம் கட்டக் கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. முதல் வகுப்பு என்றால் ஆழமான, நல்ல வடிகால் உள்ள இருமண். வேர் தடையில்லாமல் ஆள் உயரத்துக்குக் கீழே இறங்க வேண்டும். மழைத் தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும், அதே சமயம் செடிக்கு வேண்டியதை மண் பிடித்து வைத்துக்கொள்ளவும் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் இரண்டாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், வீடு கட்டலாம். எந்த வயல் எந்த வகுப்பு என்று எழுதுவது மண்ணுக்காரரின் வேலை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த வயல்கள் முழுவதும் அவர் பொறுப்பில் வந்தன.

அப்படித்தான் நிலத்துக்காரம்மாவின் பழக்கம் ஏற்பட்டது. அவள் புருஷன் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் கல்யாணமாகித் தூரத்து நகரத்தில் இருந்தாள். வெங்காயமும் சோளமும் மாற்றி மாற்றிப் போட்டு, கூலி ஆளோடு ஆளாகத் தானும் இறங்கி வேலை செய்து, அந்த நிலத்தை அவள் ஒண்டியாகக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வயலில் மண்ணுக்காரர் குழிக்குள் நின்றுகொண்டிருந்தபோது, மேலே ஒரு நிழல் விழுந்தது.

"உள்ள புதையல் தேடுறீங்களா, இல்ல உங்களையே புதைச்சுக்கப் போறீங்களா?"

அண்ணாந்து பார்த்தார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஓர் அம்மா நின்றிருந்தாள். எந்த அடுக்கு எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்று இவர் பயபக்தியோடு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். வழக்கமாக இரண்டாவது வாக்கியத்தில் ஜனங்கள் நழுவிவிடுவார்கள். இவள் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கப் போட்டுக்கொண்டு கடைசிவரை கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்ப இதுவரைக்கும் நான் தண்ணி பாய்ச்சினதுல பாதி வீண்தானா?" என்றாள். அதுதான் சரியான கேள்வி. மண்ணுக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்தப் பருவம் முழுக்க அவர் சுற்றுவட்டாரத்து வயல்களைத் தோண்டிக்கொண்டிருந்தார். மத்தியானம் ஆனால் அவள் டீ போட்டு எடுத்துக்கொண்டு எந்தக் குழியில் இருக்கிறாரோ அந்தக் குழிக்கு வந்துவிடுவாள். விளிம்பில் அவள், உள்ளே இவர். அவள் பேசுவாள், கேலி செய்வாள். "உங்க சட்டைப் பையில இருக்கிற மண்ணுல ஒரு பாத்தி கீரை போடலாம்" என்பாள். நிறப் புத்தகத்தை வாங்கிப் புரட்டி, "இத்தனை பழுப்பு இருக்குன்னு புடவைக் கடைக்காரனுக்குக்கூடத் தெரியாது" என்பாள். புருஷனைப் பற்றிப் பேசுவாள், மகளைப் பற்றிப் பேசுவாள். ஒருநாள், "உங்களுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டாள். "அக்கா இருக்கா" என்றார். "அக்கா சரி. பக்கத்துல யாரு?" என்றாள். அவர் குனிந்து சுவரைச் சீவ ஆரம்பித்தார்.

அறைக்குத் திரும்பிய சாயங்காலங்களில், மறுநாள் மத்தியானத்துக்காகத் தான் காத்திருப்பதை அவர் கண்டுபிடித்தார். அந்த வயதில் அப்படிக் காத்திருப்பது அவருக்கே கூச்சமாக இருந்தது. நாற்காலியிலிருந்த மண் பைகளை எடுத்துத் தரையில் வைத்தார். யாரும் வரப் போவதில்லை. இருந்தாலும் வைத்தார்.

சுற்றியிருந்த வயல்களையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் அவள் நிலத்துக்கு வந்தார். வேண்டுமென்றே தள்ளிப் போட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவசரப்படவில்லை. குழி வெட்ட வந்த அன்று அவள் டீயோடு வரவில்லை, பேச்சோடு வந்தாள்.

"மக உண்டாகி இருக்கா. தனியாச் சமாளிக்க முடியல, நீ வந்து கூடவே இருந்துடுன்னு அழறா. போறதுன்னா சும்மா போயி மருமகன் வீட்டுல ஒண்டிக்க முடியாது. நிலத்தை வித்தா பக்கத்துலயே ஒரு சின்ன வீடு வாங்கிக்கலாம். கட்டடக்காரன் ஒருத்தன் கேட்டுட்டே இருக்கான்."

மண்ணுக்காரர் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"முதல் வகுப்புன்னு ஆயிட்டா அவன் வாங்க மாட்டான். விவசாயத்துக்குன்னு வாங்க இங்க எவனும் இல்ல. நான் இங்கயே கெடக்க வேண்டியதுதான்" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "பொய் எழுதுங்கன்னு கேக்கல. அந்த அளவுக்குக் கெட்டவ இல்ல நான். இருக்கிறதை எழுதுங்க, போதும்" என்று சொல்லிவிட்டு வெங்காயப் பாத்திக்குப் போய்விட்டாள்.

சுற்றியிருந்த வயல்களெல்லாம் முதல் வகுப்பு. இதுவும் முதல் வகுப்பாகத்தான் இருக்கும், இவள் போக மாட்டாள் என்று அவர் மனதுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதைக் கண்டதும் அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி தன் அம்மாவுக்காக அழுகிறாள், இங்கே இவர் மத்தியான டீக்காக அடுத்தவள் நிலத்துக்கு முதல் வகுப்பு வேண்டிக்கொண்டிருக்கிறார்.

இடத்தை முறைப்படிதான் தேர்ந்தெடுத்தார். வரப்பிலிருந்து தள்ளி, மரத்தின் வேர் எட்டாத தூரத்தில், வண்டி போகும் தடத்தில் படாமல், சரிவின் நடுவே. இறங்கி வெட்டினார். மேல் மண் கறுத்துப் பொலபொலவென்று இருந்தது. முழங்கால் ஆழம் தாண்டியதும் நிறம் கலங்கியது. இடுப்பு ஆழத்தில் சுவரைச் சீவியபோது சாம்பல் நிறத் திட்டுகள் தெரிந்தன, அவற்றின் ஓரமாகத் துருப் பிடித்த மாதிரிப் புள்ளிகள். இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். இங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது. காற்றில்லாமல் மண் சாம்பலாகிறது, தண்ணீர் இறங்கியதும் காற்றுப் பட்டுத் துருவாகிறது. வடிகால் சரியில்லை. இரண்டாம் வகுப்பு.

இங்கேதான் நம்ம ஆள் சறுக்கினார். சுற்றிலும் நல்ல மண் இருக்க, நடுவில் ஒரு வயலில் மட்டும் இப்படி வந்தால், வேறு யாருடைய நிலமாக இருந்தாலும் அவர் சும்மா விட்டிருக்க மாட்டார். துளைக்கருவியை எடுத்துக்கொண்டு நாலு பக்கமும் துளைபோட்டுப் பார்த்திருப்பார், சுவரை இன்னும் உள்ளே வெட்டியிருப்பார். இங்கே அவருக்குக் கை வரவில்லை. இன்னும் தேடினால் அவளை நிறுத்திவைக்கக் காரணம் தேடுகிற மாதிரி ஆகிவிடும் என்று பயந்தார். தனக்குப் பாதகமாக வந்த பதிலை அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் நேர்மை என்று நினைத்துக்கொண்டார். மண் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டியவர், தன் மனசு கெட்டுவிடக் கூடாதே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே ஏறி வந்து விஷயத்தைச் சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "நிஜமாவா? எனக்காகச் சொல்லலையே?" என்றாள். "மண்ணுல இருக்கு. நீங்களே பாருங்க" என்று சாம்பல் கட்டியை எடுத்துக் காட்டினார். அவள் அதை வாங்கி, பொன்னைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அன்றைக்கு அறைக்கு வந்து மண்ணுக்காரர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்துவிட்டார். ஆனாலும் தான் நேர்மையாக நடந்துகொண்டோம் என்று ஒரு பெருமை இருந்தது. மனுஷனுக்கு எதிலெல்லாம் பெருமை வருகிறது பாருங்கள்.

அறிக்கை மேலே போனது, சான்றிதழ் வந்தது. கட்டடக்காரர் வந்து நிலத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டுப் பத்திரம் எழுத நாள் குறித்தார். அவள் கோழிகளைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள், பெரிய பாத்திரங்களை விற்றாள். மேலதிகாரி பார்வையிட வரலாம் என்பதால் குழியை அதுவரை மூடக் கூடாது என்பது விதி. அவர் வரவில்லை. மழைதான் வந்தது, பேய் மழை. மழை விட்டதும், பத்திரத்துக்கு முன்னால் குழியை மூடிக் கொடுத்துவிட வேண்டும் என்று மண்ணுக்காரர் மண்வெட்டியோடு போனார்.

குழியின் ஒரு பக்கச் சுவர் சரிந்து உள்ளே விழுந்திருந்தது. சரிந்த இடத்துக்குப் பின்னால் புதிதாக ஒரு சுவர் தெரிந்தது. அவர் குனிந்து உற்றுப் பார்த்தார். மேலிருந்து கீழாக ஒரு கோடு. இயற்கையில் மண் அப்படி நேர்கோடு போடாது. மண்வெட்டிதான் போடும். கோட்டுக்கு இந்தப் பக்கம் இவர் பார்த்த அதே கலங்கிய மண், சாம்பல் திட்டு, துருப் புள்ளி. அந்தப் பக்கம் கலக்கமே இல்லாத பழுப்பு மண்.

இவர் தோண்டியது ஒரு பழைய குழிக்குள். இவருக்கு ஒரு தலைமுறைக்கு முன்னால் யாரோ ஒரு மண் ஆய்வாளர் இதே வயலில் குழி வெட்டியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஆள் பலம் அதிகம், குழியும் ஒரு அறை அகலத்துக்கு இருக்கும். பார்த்து முடித்துவிட்டு மேலே கீழே என்று பாராமல் மண்ணைத் தள்ளி, மிதித்து மூடியிருக்கிறார்கள். மிதிபட்ட மண்ணில் தண்ணீர் தேங்கித் தேங்கித் திட்டும் புள்ளியும் விழுந்திருக்கிறது. பரந்த வயலில் எப்படி இரண்டு பேரும் அதே இடத்தில் கை வைத்தார்கள் என்றால், இருவருக்கும் ஒரே பாடம். வரப்பிலிருந்து தள்ளி, மரத்திலிருந்து தள்ளி, தடத்திலிருந்து தள்ளி, சரிவின் நடுவே. ஒரு விவசாயி தோண்டியிருந்தால் இந்த இடத்துக்கு வந்திருக்கவே மாட்டான். மண்ணுக்காரர்கள் மட்டும்தான் வருவார்கள்.

அவர் உள்ளே இறங்கி அந்தப் புதுச் சுவரில் கை வைத்தார். ஒரு பிடி எடுத்துப் பிசைந்தார். பட்டை கொஞ்ச தூரம் வந்து அறுந்து விழுந்தது. கத்தியால் குத்தினால் கத்தி சுலபமாக இறங்கியது. மண்புழு ஓட்டைகள் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தன, அவற்றின் வழியாகச் சோள வேரின் மெல்லிய இழைகள் அவர் முழங்காலுக்கும் கீழே இறங்கியிருந்தன. பாட்டிலில் இருந்த தண்ணீரை அடியில் ஊற்றினார். பேய் மழை பெய்து ஓய்ந்த மண், அப்படியும் குடித்துவிட்டது. ஒரு சாம்பல் திட்டு இல்லை, ஒரு துருப் புள்ளி இல்லை. இத்தனை வருஷத்தில் அவர் பார்த்த மண்ணிலேயே இதுதான் உயர்ந்தது. அதைப் பார்த்து அழுகை வந்தது. நல்ல மண் என்பதற்கா, அவள் போக முடியாது என்பதற்கா, அவள் போக மாட்டாள் என்பதற்கா என்று அவருக்கே தெரியவில்லை.

துளைக்கருவியை எடுத்து, அன்றைக்கே செய்திருக்க வேண்டியதை இப்போது செய்தார். நாலு பக்கமும் துளைத்தார். நாலு பக்கமும் முதல் வகுப்பு.

பேசாமல் குழியை மூடிவிட்டுப் போயிருக்கலாம். அவள் மகளிடம் போவாள், பேரப்பிள்ளையைக் கொஞ்சுவாள். இவர் அறைக்குப் போவார். இந்த மண்ணின் மேல் சிமெண்ட் விழும், அதற்கு அப்புறம் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மூடச் சொல்லுகிற மனசும் தன்னுடையது, சொல்லச் சொல்லுகிற மனசும் தன்னுடையது. இரண்டில் எது யோக்கியமானது என்று விரலில் வைத்துப் பிசைந்து பார்க்கவா முடியும்? கடைசியில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தார்.

கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். அவள் ஒரு பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். "வாங்க, வாங்க. இந்த முடிச்சை ஒரு கை பிடிங்க" என்றாள். அவர் பிடித்தார். பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அவள் கை அப்படியே நின்றது.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"நீங்க சொல்லலைன்னா?"

"தெரியாது."

"அப்ப ஏன் சொல்றீங்க?" குரலில் கோபம் இன்னும் வரவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "மக நாளை எண்ணிட்டு இருக்கா. கோழியெல்லாம் கொடுத்துட்டேன். எல்லாம் முடிஞ்ச பிறகு வந்து மண்ணு நல்லா இருக்குங்கிறீங்க."

"தப்பா எழுதிட்டேன். என் தப்பு. அதைத் தெரிஞ்சே விட முடியல."

அவள் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்து அவரை உற்றுப் பார்த்தாள். "உங்களுக்கு இதுல என்ன லாபம்?"

அவர் வாயைத் திறந்தார். கூடத்தில் அவர்கள் இரண்டு பேரும்தான் இருந்தார்கள், கேட்டவளும் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"ஒண்ணும் இல்ல" என்றார்.

"அப்ப போங்க" என்றாள் அவள். அதட்டவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

தன் பேச்சை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்று மண்ணுக்காரர் வேறொருவரை அனுப்பச் சொல்லி எழுதிக் கேட்டார். சரிவுகளில் பக்கவாட்டாக நடப்பதால் நண்டு என்று பெயர் வாங்கிய சக ஆய்வாளர் வந்தார். புதுக் குழி வெட்டிப் பார்த்தார். "இந்த மண்ணை வகைப்படுத்தக் கூடாதுய்யா, கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்தணும்" என்று அலுவலகத்தில் வந்து சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். சான்றிதழ் மாறியது, கட்டடக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார். பழைய குழியையும் புதுக் குழியையும் நண்டே மூடினார். மண்ணுக்காரர் இரண்டு முறை அந்த வழியாகப் போனார். முதல் தடவை அவள் பார்த்துவிட்டு உள்ளே போனாள். இரண்டாவது தடவை கதவு ஏற்கெனவே சாத்தியிருந்தது.

அவள் போகக் கூடாது என்று ஆசைப்பட்டார், அவள் போகவில்லை. ஆனால் மத்தியானம் வந்தால் அவர் குழிக்குள் தனியாக நின்று பாட்டில் தண்ணீரைக் குடித்தார். முன்பெல்லாம் அவருக்கு இல்லாததுதான் வலித்தது. இப்போது இருந்தது இல்லாமல் போன வலி. இரண்டும் ஒன்றல்ல என்று இவ்வளவு வயதுக்கு மேல் தெரிந்துகொண்டார்.

பருவம் மாறிய பிறகு நண்டு ஒருநாள் பேச்சுவாக்கில், "அந்த முதல் வகுப்பு அம்மா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டாங்க. இன்னிக்கு மத்தியானம் வேன்ல மக ஊருக்குக் கிளம்புறாங்களாம்" என்றார். மண்ணுக்காரர் பாதி எழுதிய காகிதத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் சாலையோரத்தில் இரண்டு பைகளோடு நின்றிருந்தாள். அட்டைப் பெட்டிகள் எதுவும் இல்லை. வேன் இன்னும் வரவில்லை.

"பேத்தி பொறந்திருக்கா" என்றாள், அவர் கேட்காமலே. "வீடு வாங்க வழியில்ல. சமையக்கட்டுக்குப் பக்கத்துல ஒரு இடம் ஒழிச்சு வச்சிருக்காங்களாம். போறேன்."

அவர் தலையசைத்தார். வயலில் குத்தகைக்காரரின் சோளம் ஒரே சீராக எழும்பியிருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். "உங்களுக்கு என்ன லாபம்னு அன்னிக்குக் கேட்டேன். ஒண்ணும் இல்லன்னீங்க. அது நிஜமா?"

"இல்ல" என்றார். "பொய் சொன்னேன்."

"பின்னே?"

"நீங்க போகக் கூடாதுன்னு எனக்கு இருந்தது. முதல்லேர்ந்தே இருந்தது."

அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பையின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டாள். "எனக்கு அது தெரியாதா? டீ கொடுக்கும்போது உங்க மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும். ஆனா கேட்டா சொல்லணும் இல்ல? மண்ணைப் பத்தின உண்மையை ஓடி வந்து சொன்னீங்க. இதைக் கேட்டும் சொல்லல."

"சொல்லியிருந்தா, அதுக்காகத்தான் வகுப்பை மாத்துறேன்னு நெனச்சிருப்பீங்க."

"நெனச்சிருப்பேன்தான். ரெண்டு நாள் உக்காரவச்சுத் திட்டியிருப்பேன். அப்புறம் யோசிச்சிருப்பேன்."

வேன் வந்து நின்றது. "இப்ப வரேன்னு மககிட்ட சொல்லிட்டேன், பிள்ளை அங்க காத்துட்டு இருக்கா" என்று சொல்லி ஏறிக்கொண்டாள். அவர் பைகளை எடுத்து உள்ளே வைத்தார். "உடம்பைப் பார்த்துக்குங்க" என்றாள். வேன் போனது.

அந்த நிலம் இன்றும் முதல் வகுப்புதான். மண்ணுக்காரர் ஓய்வு பெற்றுவிட்டார், அதே சைக்கிள் கடை மாடியில்தான் இருக்கிறார். யோசித்திருப்பேன் என்று அவள் சொன்னதைப் பற்றி அவர் அதிகம் நினைப்பதில்லை. யோசித்து என்ன முடிவுக்கு வந்திருப்பாளோ, அது யாருக்குத் தெரியும்? அவர் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வது அந்த இரண்டு நாள்களைத்தான். அது நிச்சயமாகக் கிடைத்திருக்கும். இரண்டு நாள் முழுக்க அவள் எதிரே உட்கார்ந்து தன்னைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம்.